கணினிக்குள் மட்டும் ஆவணி

எனக்குப் பொறுமை கிடையாது. அடுப்பில் பால் வைத்தால் பக்கத்திலேயே நின்று எட்டி எட்டிப் பார்ப்பேன். அது பொங்குகிற நேரத்தில் மட்டும் எங்காவது போயிருப்பேன். அம்மா இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்விட்டார். அப்படிப்பட்ட நான் ஒரு வருடம், ஆடி மாதத்தில் பாதியைக் கையைப் பிசைந்துகொண்டே கழித்தேன். கணினியில் ஒரே ஒரு கட்டளை, சின்னதாக ஒரு வரி, தட்டினால் வேலை முடிந்துவிடும். தட்டவில்லை. தொடக்கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார்.

தொண்ணூறுகளின் கடைசி அது. செனாவாங்கில் ஒரு தாமான் குடியிருப்பில், வரிசை வீடு ஒன்றில், அப்பா, அம்மா, நான் மூவரும் இருந்தோம். ரந்தாவ் பக்கத்தில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தை விற்றுவிட்டதால் இங்கே வந்து சேர்ந்தவர்கள். நான் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னீசியன். ஷிப்டு வேலை, போக வர மோட்டார் சைக்கிள். தொழிற்சாலையில் கழித்துப் போட்ட ஒரு கணினியை வீட்டுக்குக் கொண்டுவந்து, சாமான் அறையில் அரிசி கொட்டிவைக்கும் தோம்புக்குப் பக்கத்தில் வைத்து, அதையே வீட்டுக்கு அஞ்சல் நிலையமாக ஆக்கியிருந்தேன்.

வீட்டில் இருந்தது ஒரே ஃபோன் லைன். அதிலேதான் இணையமும் போக வேண்டும். நான் இணையத்தில் ஏறி உட்கார்ந்தால் அம்மாவுக்கு ஃபோன் கிடையாது. அம்மா லாபுவில் இருக்கும் சின்னம்மாவோடு பேச உட்கார்ந்தால் எனக்கு இணையம் கிடையாது. இந்தச் சண்டையைத் தீர்க்கத்தான் கணினியில் மெயில் சர்வர் நிரல் ஒன்றைப் போட்டேன். எழுதுகிற மின்னஞ்சலை எல்லாம் அது வாங்கி வரிசையில் வைத்துக்கொள்ளும். குறித்த நேரங்களில் தானே டயல் செய்து, சேர்ந்ததை அனுப்பி, வந்ததை வாங்கி, லைனை விட்டுவிடும். ஒரு வீட்டுக்கு இது அதிகப்படிதான். யாராவது அப்படிச் சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

முதலில் போட்ட அந்தப் பழைய நிரல் ஒரு திறந்த வீடு. யார் வந்தாலும் உள்ளே விடும். உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் இருந்த எவனோ அதைக் கண்டுபிடித்து, என் கணினி வழியாக ஊர் உலகத்துக்கெல்லாம் குப்பை விளம்பரங்களை அனுப்ப ஆரம்பித்தான். எஸ்டேட் லாரி ரப்பர் ஏற்றப் போன வழியில் கண்டவனும் மூட்டையைத் தூக்கிப் போட்ட மாதிரிதான். இணையச் சேவைக்காரர்கள் ஃபோன் செய்து, இன்னொரு தடவை இப்படி நடந்தால் கணக்கை மூடிவிடுவோம் என்றார்கள். பழைய நிரலின் அமைப்புக் கோப்பைத் திறந்து பார்த்தேன். பூனை விசைப்பலகை மேல் நடந்துபோன மாதிரி இருந்தது. இதைத் திருத்துவதற்கு வேறு நிரலே போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

ஆனால் அப்போது ஆடி நடந்துகொண்டிருந்தது.

"ஆடியில புதுசா எதுவும் ஆரம்பிக்கக் கூடாதுன்னு தெரியாதா ஒனக்கு?" என்றார் அம்மா. "மோட்டார் எடுக்கறதுக்கு ஆவணி வரைக்கும் காத்திருந்தியே."

"இது மோட்டாராம்மா? உள்ளுக்குள்ள ஒரு புரோகிராம மாத்தறேன், அவ்வளவுதான். கண்ணுக்கே தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாததுக்குத்தான்லா நாள் பாக்கறது."

பதில் சொல்ல முடியாத மாதிரி பேசுவதில் அம்மாவை மிஞ்ச ஆளில்லை. ஆவணி வரை காத்திருந்தால் கணக்கு போய்விடும். ஷிப்டுக்குக் கிளம்ப வேண்டிய நேரம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. நான் சாமான் அறைக்கும் சமையலறைக்கும் நடையாய் நடந்தேன். நடந்துகொண்டே இருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது.

"அம்மா, இந்தப் பொட்டிக்குள்ள ஒரு கடிகாரம் இருக்கு. அது காட்டற தேதிதான் இதுக்குத் தேதி. நான் அதை ஆவணி ஒன்னாம் தேதிக்கு மாத்திடறேன். புரோகிராம் ஆவணியில ஆரம்பிச்ச மாதிரி ஆயிடும். அப்புறம் பழையபடி வச்சிடறேன்."

அம்மா சிரிப்பார், இல்லை திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ கரண்டியை வைத்துவிட்டு உண்மையாகவே யோசித்தார்.

"அதுக்கு எது நாளோ அதானே அதுக்கு," என்றார். "காலண்டரக் கொண்டா. வெறும் ஆவணின்னு வச்சா பத்தாது, நேரமும் பாக்கணும்."

நாள்காட்டித் தாள்களைத் தூக்கிப் பார்த்து, ஆவணி முதல் தேதி காலை பத்தரைக்குமேல் நல்ல நேரம் என்று சொன்னார். கணினியின் கடிகாரத்தைத் தள்ளி அதில் வைத்தேன். அம்மா கணினியின் நெற்றி என்று அவருக்குத் தோன்றிய இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். வெளியே ஆடி மழை இடித்துக்கொண்டிருந்தது. இடிக்குப் பயந்து மோடத்தின் ஃபோன் ஒயரை நான் முன்பே சுவரிலிருந்து பிடுங்கி வைத்திருந்தேன். அம்மா சூடத்தைக் கொளுத்த, நான் புதிய நிரலை ஓடவிட்டேன்.

"மொதல்ல நல்லதா ஒன்னு எழுது," என்றார் அம்மா.

யாருக்கு எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அதுவரை வாசற்படியில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அப்பா பேசினார்.

"நான் ஒன்னு சொல்றேன். பெரியவனுக்கு எழுது."

அம்மா சூடத் தட்டைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தார். நான் பார்க்கவில்லை. பார்த்தால் அப்பா பின்வாங்கிவிடுவார் என்று பயந்தேன்.

பெரியவன் என்பது என் அண்ணன். அப்பாவும் அவனும் பேசிப் பல வருடம் ஆகியிருந்தது. அப்பா தோட்டத்தில் மண்டோராக இருந்தவர். விடியுமுன் பெரட்டுக்களத்தில் ஆட்களை வரிசையாக நிற்கவைத்துப் பெயர் கூப்பிடுவது அவர் வேலை. கூப்பிட்ட பெயருக்குக் குரல் வராவிட்டால், கிராணி பதிவேட்டில் குறித்துக்கொள்வதற்காக, "ஆள் இல்லை" என்று உரக்கச் சொல்வார். தோட்டம் விற்கப்படப் போகிறது என்று தெரிந்த நாட்களில் இளவட்டங்கள் வேலைக்கு வராமல், எதிர்ப்புக் காட்டி ஆபீஸ் முன்னால் உட்கார்ந்தார்கள். அண்ணனும் அவர்களோடு இருந்தான், பெரட்டுக்களத்துக்குக் கூப்பிடு தூரத்தில். அப்பா அவன் பெயரைக் கூப்பிட்டார். அவன் அங்கேயிருந்து, "இங்கதான்பா இருக்கேன்," என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா அவனை நேராகப் பார்த்தபடி, "ஆள் இல்லை," என்றார்.

அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. அந்த வாரமே அண்ணன் சிங்கப்பூர் போனான், பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த். அங்கே குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் ஸ்டோர் வேலை, கல்யாணம், குடும்பம். எனக்கு எழுதுவான். அப்பாவைப் பற்றிக் கேட்க மாட்டான். அப்பாவும் அவனைப் பற்றிக் கேட்க மாட்டார்; ஆனால் நான் மடலை அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது அவருக்குச் சாமான் அறைப் பக்கம் ஏதாவது வேலை வந்துவிடும். அந்த ஆனி மாதம் அண்ணன் தன் கைக்குழந்தையின் படத்தை அனுப்பியிருந்தான். அந்தக் காலத்தில் ஒரு படம் திரையில் திறக்க நேரம் எடுக்கும். முதலில் குழந்தையின் தலைமுடி வந்தது, பிறகு நெற்றி. மூக்கு வருவதற்குள் அப்பா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்.

"என்ன எழுதப்பா?" என்றேன், திரையைப் பார்த்தபடியே.

"பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஒரு தடவ வந்துட்டுப் போவச் சொல்லு. அப்பா சொன்னேன்னு போடு."

அப்படியே ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினேன். அனுப்பு என்றேன். ஒயர் பிடுங்கிக் கிடந்ததால் அது போகவில்லை, வரிசையில் நின்றது. லைன் கிடைத்ததும் போய்விடும் என்று நம்பினேன். கடிகாரத்தை மறுபடி ஆடிக்குக் கொண்டுவந்தேன், இடி ஓய்ந்ததும் ஒயரைச் செருகினேன், மோட்டாரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் பறந்தேன். வழியெல்லாம் எனக்கு ஒரே சந்தோஷம்.

மறுநாளிலிருந்து அப்பா காத்திருக்க ஆரம்பித்தார். காத்திருக்கிறேன் என்று காட்டிக்கொள்ள மாட்டார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் பெரட்டு நேரத்துக்கே எழுந்துவிடுவார். கூப்பிடப் பெயர் இல்லாததால் குப்பை லாரிக்காரர்களை மேற்பார்வை பார்ப்பார். அது முடிந்ததும் கேட்டுக்கும் கூடத்துக்கும் நடப்பார். நான் ஷிப்டு முடிந்து வந்து ஹெல்மெட்டைக் கழற்றுமுன், வேறெதையோ பார்த்துக்கொண்டு கேட்பார்.

"ஏதும் வந்துச்சா?"

"இல்லப்பா."

"சரி சரி. அவனுக்கு வேல இருக்கும்."

மற்ற மடல்கள் எல்லாம் போயின, வந்தன. புதிய நிரல் நன்றாக ஓடியது. குப்பை விளம்பரக்காரனும் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். எதிர்வீட்டு அக்கா கல்லூரியில் படிக்கும் மகனுக்கு என் வீட்டில் வந்து எழுதி, அன்றே பதிலும் வாங்கிப் போனார். அதைப் பார்த்துக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தார். அண்ணன் கல்நெஞ்சுக்காரன் என்று முடிவுகட்டினேன். ஒரு நாள் வேலையிலிருந்து வந்த வேகத்தில், சட்டைகூட மாற்றாமல், அவனுக்கு எழுதினேன். மனுசன் இறங்கி வந்து எழுதியும் ஒரு வார்த்தை பதில் போட உனக்குக் கை வரவில்லையா, உனக்கெல்லாம் எதுக்கு ஒரு பிள்ளை என்று. கடைசி வரி அதிகம்தான். கோபத்தில் எழுதும்போது எனக்கு நிறுத்தத் தெரியாது.

அந்த மடல் உடனே போனது. மறுநாளே பதில் வந்தது. அப்பா பின்னால் நின்றார்.

"என்னா சொல்றான்?"

"எதுவும் வரலியாம்பா."

"அது ஒரு வரி. அங்க நெறைய இருக்கு. மீதியப் படி."

அப்பாவுக்கு ஆங்கில எழுத்து படிக்கத் தெரியாது. வரிகளின் நீளம் தெரியும். எனக்குப் பொய்யாக ஒன்றைக் கட்டிச் சொல்ல அந்த நொடியில் வரவில்லை. படித்தேன். "எனக்கு எதுவும் வரல. நீயா கத கட்டாத. எல்லார் முன்னாடியும் என்ன ஆள் இல்லன்னு சொன்ன மனுசன், இப்ப வான்னு கூப்புடுவாரா? அவருக்கு அது வாயில வராது."

அப்பா வெளியே போய், நிறுத்தியிருந்த என் மோட்டாரைத் தள்ளி வேறு இடத்தில் நிறுத்தினார், பிறகு பழைய இடத்துக்கே கொண்டுவந்தார்.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. நிரலின் வரிசையைத் திறந்து பார்த்தேன். காலியாக இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மடல் இருந்தது. அடுத்து அனுப்ப முயலும் நேரம் என்று அதன் பக்கத்தில் போட்டிருந்தது: ஆவணி முதல் தேதி, காலை பத்தே முக்கால். கணினி அதை ஆங்கிலத் தேதியில்தான் காட்டியது, ஆனால் எனக்கு அது ஆவணியாகவே தெரிந்தது. ஒயர் இல்லாததால் முதல் முயற்சி தோற்றதும், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்ப்போம் என்று நிரல் எழுதி வைத்துக்கொண்டது. அந்தக் கொஞ்ச நேரத்தை அது ஆவணியிலிருந்து எண்ணியது. நான்தான் கடிகாரத்தை ஆடிக்குத் திருப்பிவிட்டேன். அது சொன்னபடி ஆவணிக்காகக் காத்திருந்தது. எங்கள் மூன்று பேரைவிட அதற்குப் பொறுமை இருந்தது.

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வர, அப்பாவிடம் ஓடினேன்.

"அப்பா, நீங்க சொன்னது இன்னும் போவவே இல்ல. உள்ளயே இருக்கு. அவன் மேலயும் தப்பு இல்ல. இப்ப ஒரு தட்டு தட்டினா போயிடும்."

அப்பா என்னைப் பார்க்காமல், "வேணாம்," என்றார்.

"ஏன்பா?"

"வாயில வராதுன்னு சொல்றான்ல. வராமலே இருக்கட்டும்."

"அப்ப அழிச்சிடவா?"

அப்பா சாமான் அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். "அத நீ தொடாத," என்றார்.

அனுப்பவும் கூடாது, அழிக்கவும் கூடாது. எனக்குப் பைத்தியம் பிடிக்கும் போலிருந்தது. அம்மாவோ, தான் பார்த்துச் சொன்ன நல்ல நேரத்தில் மடல் மாட்டிக்கொண்டதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கோயிலுக்குக் கூழ் ஊற்றப் போய்விட்டு வந்து, "நீ பாட்டுக்கு அனுப்பிடு, அவருக்குத் தெரியவா போவுது?" என்று சமையலறையில் என் காதைக் கடித்தார். தெரியாமல் அனுப்பியிருக்கலாம். அண்ணனுக்கு நானே எழுதி, அப்பா சொன்னது இதுதான் என்று விளக்கியிருக்கலாம். ஆனால் அவன் அதையும் என் கதை என்பான். அது அப்பா சொல்லி அனுப்பியதாக இருக்க வேண்டும். அதனால் கையைப் பிசைந்தேன். வேலையில் ஒரு நாள் நல்ல சர்க்யூட் பலகையைப் பழுது என்று ஒதுக்கி சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இரண்டொரு நாள் கழித்து அப்பா கேட்டார்.

"யாரும் தொடலன்னா அது என்னா ஆவும்?"

"ஆவணி பொறந்ததும் தானாப் போயிடும்பா. பதினோரு மணிக்குப் பொட்டி டயல் பண்ணும். லைன் கெடைக்கணும், அவ்வளவுதான்."

"கரண்டு போச்சுன்னா?"

"மறுபடி வந்ததும் இருக்கும்."

"ம்."

அதற்குப் பிறகு அவர் அந்த மடலைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் நாள்காட்டித் தாளைக் கிழிக்கிற வேலையை அம்மாவிடமிருந்து எடுத்துக்கொண்டார். பெரட்டு நேரத்துக்கே கிழித்துவிடுவார். அம்மா எழுந்து பார்க்கும்போது வீட்டில் அடுத்த நாள் வந்திருக்கும். ஒரு மத்தியானம் நான் வந்தபோது கூடத்து மேசை விசிறி கூடத்தில் இல்லை. சாமான் அறையில் கணினியைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. அப்பா கூடத்தில் பனியனோடு உட்கார்ந்து நாளிதழால் விசிறிக்கொண்டிருந்தார்.

"பொட்டி ரொம்ப சுடுதுலா," என்றார், நான் கேட்காமலே.

அப்போதும் எனக்கு நிச்சயமில்லை. அப்பாவின் ரோஷம் எனக்குத் தெரியும். கடைசி நாளில் வந்து அழித்துவிடு என்பார் என்று நினைத்தேன். ஆடிக் கடைசி நாள் முழுக்க அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாதது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஆவணி பிறந்தது. எனக்கு மத்தியான ஷிப்டு, காலையில் வீட்டில்தான் இருந்தேன். அம்மா தலைக்குக் குளித்து விளக்கேற்றினார். எனக்கு உட்கார முடியவில்லை. கூட்டிய இடத்தையே கூட்டினேன். அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு சாமான் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நாற்காலி கணினிக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. அவர் உட்கார்ந்திருப்பது காவலுக்கா, தடுப்பதற்கா என்று எனக்குத் தெரியவில்லை.

பதினொன்று அடிக்கச் சற்று முன்னால் அம்மா ஃபோனை எடுத்தார். சின்னம்மாவின் மகளுக்கு வரன் பேச ஆவணி பிறக்கட்டும் என்று காத்திருந்தவர். சின்னம்மாவோடு பேச உட்கார்ந்தால் மத்தியானச் சோற்றுக்குத்தான் எழுந்திருப்பார். எண்களை ஒவ்வொன்றாக அழுத்த ஆரம்பித்தார். நான் வாயைத் திறப்பதா, அப்பா பார்க்கிறாரே என்று விழித்துக்கொண்டு நின்றேன்.

"இந்தா," என்றார் அப்பா, நாற்காலியில் இருந்தபடியே. "ஃபோன வை. லைனு வேணும்."

அம்மா அவரைப் பார்த்தார். ஃபோனை வைத்தார்.

மூவரும் அசையாமல் இருந்தோம். மோடம் டயல் செய்தது, கீச்சிட்டது, இரைந்தது, அடங்கியது. விளக்குகள் மினுங்கின. நான் போய் வரிசையைத் திறந்து பார்த்தேன். காலி.

"போயிடுச்சா?"

"போயிடுச்சுப்பா."

"அப்ப அந்த ஒயரப் புடுங்கு," என்றார். "லைன் சும்மா இருக்கட்டும்."

பிடுங்கினேன். அப்புறம் அந்த வீட்டில் ஃபோனை யாரும் தொட முடியவில்லை. எதிர்வீட்டு அக்கா மகனுக்கு எழுத வந்தபோது, இன்றைக்குப் பொட்டிக்கு உடம்பு சரியில்லை என்று அப்பாவே வாசலில் நின்று அனுப்பிவிட்டார். சாப்பாட்டை ஃபோன் பக்கத்திலேயே கொண்டுவரச் சொன்னார், ஆனால் பிசைந்து வைத்ததோடு சரி. நான் தொழிற்சாலைச் சட்டையைப் போட்டு, ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் மேசையில் கணினி உண்டு. பார்த்திருப்பான். பார்த்தும் பேசாமல் இருந்துவிட்டால் அப்பா என்ன ஆவார் என்று நினைக்கவே எனக்கு மனம் வரவில்லை.

ஃபோன் அடித்தது.

அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அப்பா ஃபோனை எடுத்ததில்லை. யாராவது எடுக்கட்டும் என்று இருப்பார். அன்று எடுத்தார். சோற்றுக் கையை மாற்றிக்கொண்டு, காதில் வைத்துக் கேட்டார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஏன், இன்னிக்கு வேலைக்குப் போகலியா நீ?"

அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, அப்பா எழுந்து நின்றுவிட்டார். அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்து, "யாரு? பெரியவனா?" என்றார்.

அப்பா ஃபோனை உள்ளங்கையால் மூடவில்லை. அவனுக்கும் கேட்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, பெரட்டுக்களத்துக் குரலில், தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

"ஆள் இருக்கான்."